லீவு வாங்கித் தந்தவர்கள்: உலகின் தேசிய விடுமுறைகள் சொல்லித்தரும் 'பேசி ஜெயிக்கும்' கலை!

புது வருஷ காலண்டர் கைக்கு வந்ததும் முதலில் என்ன பார்ப்பீங்க? சிவப்பு நிறத்தில் இருக்கும் தேதிகளைத்தானே! எது திங்கள்ல வருது, எது வெள்ளில வருது, எது அநியாயமா ஞாயிற்றுக்கிழமையில போய் விழுந்திருக்குனு ஒரு கணக்குப் போட்டுட்டுதான் மற்ற வேலை.

ஆனா, அந்தச் சிவப்புத் தேதிகள் எதுவும் தானா வந்தது இல்லை. உலகின் பல நாடுகளில், ஒரு விடுமுறைக்குப் பின்னால் யாரோ ஒருத்தர் வருஷக்கணக்கா கேட்டிருக்கார். கடிதம் எழுதியிருக்கார், நடந்திருக்கார், 'முடியாது' என்ற பதிலை வாங்கியிருக்கார், மறுபடியும் போய்க் கேட்டிருக்கார். ஒரு நாடு முழுக்க வேலையை நிறுத்திவைக்க அரசாங்கத்தைச் சம்மதிக்க வைப்பது சின்ன விஷயமா? நம்மில் பலருக்கு மேனேஜரிடம் ரெண்டு நாள் லீவு கேட்கவே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

அடுத்தவரைச் சம்மதிக்க வைக்கும் திறமை பிறவியிலேயே வருவது என்று பலரும் நினைக்கிறோம். 'அவன் பேசியே கவுத்துடுவான்பா' என்று சிலரைச் சொல்வோம். கீழே வரும் மனிதர்களில் பெரும்பாலானோர் மேடைப் பேச்சாளர்கள் இல்லை. பத்திரிகை ஆசிரியர், தச்சர், ஓய்வுபெற்ற ஆசிரியை என்று சாதாரண மனிதர்கள்தான். அவர்கள் செய்தது என்ன, அதில் நமக்கு என்ன இருக்கு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

1. அமெரிக்கா: 'தேங்க்ஸ்கிவிங்'
எப்போது: நவம்பர் நான்காவது வியாழன்
பாடம்: உங்க ஆசையை, அவரோட பிரச்னைக்குத் தீர்வா மாத்துங்க

சாரா ஜோசஃபா ஹேல். 1788-ல் பிறந்தவர். கணவர் இறந்தபோது இவர் கையில் ஐந்து குழந்தைகள். எழுத்தை நம்பிப் பிழைக்க ஆரம்பித்தார். நாம் எல்.கே.ஜி-யில் பாடிய 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்' பாட்டு இவர் எழுதியதுதான். பிறகு 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற பிரபலமான பெண்கள் பத்திரிகைக்கு ஆசிரியரானார்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் 'தேங்க்ஸ்கிவிங்' ஒவ்வொரு மாகாணத்திலும் ஒவ்வொரு தேதியில் நடக்கும். சில மாகாணங்களில் கிடையவே கிடையாது. நாடு முழுக்க ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று ஹேல் 1846 முதல் தலையங்கம் எழுதினார், ஆளுநர்களுக்குக் கடிதம் போட்டார். அடுத்தடுத்து வந்த ஜனாதிபதிகளுக்கும் எழுதினார். டெய்லர், ஃபில்மோர், பியர்ஸ், புக்கானன் என்று நான்கு பேர் வந்தார்கள், போனார்கள். எதுவும் நடக்கவில்லை.

ஐந்தாவதாக ஆபிரகாம் லிங்கன். 1863 செப்டம்பர் 28-ம் தேதி, 74 வயதில் அவருக்கும் ஒரு கடிதம் எழுதினார் ஹேல். அப்போது அமெரிக்கா வடக்கு, தெற்கு எனப் பிரிந்து உள்நாட்டுப் போரில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்தது. லிங்கனுக்கு ஒரே கவலை, நாடு உடைந்துவிடக் கூடாது. 'தேசம் முழுமைக்கும் ஒரே திருநாள்' என்ற யோசனை அந்த நேரத்தில் அவர் மேசைக்குப் போனது. அக்டோபர் 3-ம் தேதியே அறிவிப்பு வந்துவிட்டது. வெறும் ஐந்தே நாள்!

இன்னொரு நுணுக்கத்தையும் கவனிக்கணும். 'ஏதாவது பண்ணுங்க சார்' என்று ஹேல் எழுதவில்லை. ஜனாதிபதி தன் நேரடி அதிகாரத்துக்கு உட்பட்ட தலைநகரம், ராணுவம், கடற்படை ஆகியவற்றுக்கு அறிவிக்கலாம், மாகாண ஆளுநர்களுக்கு வேண்டுகோள் விடுக்கலாம் என்று வழியையும் எழுதிக் கொடுத்தார். கேட்டவருக்கு 'சரி' சொல்வது மட்டும்தான் மிச்சம்.

நம்ம வாழ்க்கையில்: 'எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம் வேணும்' என்பது உங்க தேவை. 'காலை 8 மணிக்கே லாகின் பண்ணா, வெளிநாட்டு க்ளையன்ட்டோட கால் எதுவும் மிஸ் ஆகாது' என்பது மேனேஜரின் பிரச்னைக்குத் தீர்வு. ரெண்டும் ஒரே கோரிக்கைதான். எது சீக்கிரம் ஓகே ஆகும்னு நினைக்கிறீங்க?

2. நியூசிலாந்து: 'லேபர் டே'
எப்போது: அக்டோபர் நான்காவது திங்கள்
பாடம்: உங்க மதிப்பு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்

1840. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து வெலிங்டன் பகுதியில் இறங்கியிருந்தார் சாமுவேல் பார்னெல் என்ற தச்சர். கூடவே கப்பலில் வந்த ஜார்ஜ் ஹன்டர், தனக்கு ஒரு கிடங்கு கட்டித்தரச் சொன்னார். பார்னெல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை செய்வேன்.

ஹன்டருக்கு அதிர்ச்சி. லண்டனில் தச்சர்கள் விடியற்காலையிலேயே வேலைக்கு வந்து நிற்க வேண்டும் என்று வாதாடிப் பார்த்தார். 'நாம இப்போ லண்டன்ல இல்லையே' என்ற பொருளில் பதில் சொன்னார் பார்னெல். அந்தக் குடியேற்றத்தில் அப்போது இருந்த தச்சர்களே மூன்று பேர்தான். ஹன்டர் ஒத்துக்கொண்டார்.

பார்னெல் அதோடு விடவில்லை. அடுத்தடுத்து வந்த கப்பல்களில் இறங்கிய தொழிலாளர்களிடமும் 'எட்டு மணி நேரத்துக்கு மேல ஒத்துக்காதீங்க' என்று சொல்லிவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் தொழிலாளர்கள் கூட்டம் போட்டு அதையே முடிவாக எடுத்தார்கள். மீறுபவர்களைத் துறைமுகத் தண்ணீரில் முக்கி எடுப்பது என்றும் முடிவானது! சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1890 அக்டோபர் 28 அன்று நடந்த தொழிலாளர் ஊர்வலத்தில் முதியவராக பார்னெல் கௌரவிக்கப்பட்டார். அந்த டிசம்பரில் இறந்தும் போனார். 1899-ல் சட்டம் வந்து, 1900 முதல் அது நாடு தழுவிய விடுமுறை ஆனது.

நம்ம வாழ்க்கையில்: சம்பள உயர்வு கேட்கப் போகும் முன்பு, 'நான் இல்லைன்னா இந்த வேலையை யார் செய்வாங்க, அதுக்கு எவ்வளவு நாளாகும்?' என்ற கேள்விக்கு உங்களிடம் நேர்மையான பதில் இருக்கணும். பதில் பலமாக இருந்தால் குரலை உயர்த்தவே தேவையில்லை. பலவீனமாக இருந்தால், முதலில் வேலையைக் கத்துக்கணும். பேச்சு அப்புறம்.

3. அமெரிக்கா: மார்ட்டின் லூதர் கிங் நாள்
எப்போது: ஜனவரி மூன்றாவது திங்கள்
பாடம்: 'என்ன' என்பதில் பிடிவாதம், 'எப்படி' என்பதில் விட்டுக்கொடுத்தல்

1968 ஏப்ரல் 4-ம் தேதி கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்கே நாளில், அவர் பெயரில் விடுமுறை கோரும் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார் ஜான் கான்யர்ஸ். அது சட்டமாக எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? 15 ஆண்டுகள்! 1979-ல் பிரதிநிதிகள் சபையில் தேவையான எண்ணிக்கைக்கு ஐந்து ஓட்டு குறைந்து தோற்றது.

இடையில் கிங்கின் மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் ஊர் ஊராக ஆதரவு திரட்டினார். பாடகர் ஸ்டீவி வொண்டர் 'ஹேப்பி பர்த்டே' என்ற பாடலையே இந்தக் கோரிக்கைக்காக வெளியிட்டார். ஸ்மார்ட்போனும் இல்லாத, ஆன்லைன் மனுவும் இல்லாத காலத்தில் சுமார் 60 லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன.

எதிர்த்தவர்கள் வைத்த முக்கியமான வாதங்களில் ஒன்று செலவு. கிங்கின் பிறந்தநாளான ஜனவரி 15 வாரத்தின் நடுவில் வந்தால், அரசு அலுவலகங்களை மூடித் திறந்து மறுபடி மூட வேண்டும் என்றார்கள். இண்டியானாவைச் சேர்ந்த உறுப்பினர் கேட்டி ஹால் கொண்டுவந்த மசோதாவில் அதற்கு பதில் இருந்தது. ஜனவரி 15-க்குப் பதிலாக மூன்றாவது திங்கள்! 1983-ல் பிரதிநிதிகள் சபையில் 338-க்கு 90 என்ற கணக்கிலும், செனட்டில் 78-க்கு 22 என்ற கணக்கிலும் நிறைவேறியது. தொடக்கத்தில் தயங்கிய ஜனாதிபதி ரீகன், நவம்பர் 2-ம் தேதி கையெழுத்திட்டார். 1986-ல் முதல் விடுமுறை.

கிங்கின் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை, விடுமுறையையும் விட்டுக்கொடுக்கவில்லை. தேதியில் மட்டும் இறங்கி வந்தார்கள்.

நம்ம வாழ்க்கையில்: எதிர்ப்பை 'அவங்க வேணும்னே பண்றாங்க' என்று எடுத்துக்கொள்ளாதீங்க. 'எது மட்டும் மாறினா உங்களுக்கு ஓகே?' என்று கேளுங்க. பல 'முடியாது'களுக்குள் ஒரு 'இப்படின்னா முடியும்' ஒளிந்திருக்கும்.

4. அமெரிக்கா: 'ஜூன்டீன்த்'
எப்போது: ஜூன் 19
பாடம்: சொல்வதைக் கண்ணால் பார்க்க வையுங்க

அடிமைகளை விடுவிக்கும் லிங்கனின் பிரகடனம் அமலானது 1863 ஜனவரி 1. ஆனால், டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் ராணுவம் வந்து அதை அறிவித்தது 1865 ஜூன் 19. கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டு தாமதம். அந்த நாளைத்தான் கறுப்பின மக்கள் 'ஜூன்டீன்த்' என்று கொண்டாடுகிறார்கள்.

டெக்சாஸைச் சேர்ந்த ஓபல் லீ ஓய்வுபெற்ற ஆசிரியை. 1939-ல், அவருக்கு 12 வயது இருக்கும்போது, இதே ஜூன் 19 அன்று வெள்ளை இனவெறிக் கும்பல் ஒன்று அவர் குடும்பத்தின் வீட்டைச் சூறையாடித் தீ வைத்தது. இந்த நாளை தேசிய விடுமுறை ஆக்கணும் என்று கேட்டு, 2016-ல் தன் 89-வது வயதில் ஃபோர்ட் வொர்த் நகரிலிருந்து தலைநகர் வாஷிங்டனை நோக்கிய நடைப்பயணத்தைத் தொடங்கினார். வழியில் பல ஊர்களில் இரண்டரை மைல் நடை. ஏன் இரண்டரை? விடுதலைச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட இரண்டரை ஆண்டுகளுக்காக!

வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் தாமதத்தை, டென்னிஸ் ஷூ போட்ட ஒரு பாட்டி தன் காலால் நடந்து காட்டினார். பார்ப்பவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. பின்னர் ஆன்லைன் மனுவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2021 ஜூன் 17-ம் தேதி ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்டபோது, 94 வயது ஓபல் லீ அங்கேதான் இருந்தார்.

நம்ம வாழ்க்கையில்: 'டிராவலே கஷ்டமா இருக்கு' என்றால் யார் காதிலும் ஏறாது. 'போன மாசம் பஸ்ஸுல மட்டும் 70 மணி நேரம் இருந்திருக்கேன்' என்று எழுதிவைத்த கணக்கைக் காட்டினால் ஏறும். ஒரே ஒரு எண் போதும், ஆனா அது உண்மையான எண்ணாக இருக்கணும்.

5. ஜப்பான்: மலை நாள்
எப்போது: ஆகஸ்ட் 11
பாடம்: முன்னுதாரணம் காட்டுங்க, காயத்தைத் தொடாதீங்க

ஜப்பானில் 1996 முதலே 'கடல் நாள்' என்று ஒரு விடுமுறை உண்டு. 'கடலுக்கு ஒரு நாள் இருக்கே, நாட்டின் பெரும்பகுதி மலைதானே, மலைக்கு ஏன் இல்லை?' இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்ல முடியும்? மலையேற்ற அமைப்புகளும் அவர்களை ஆதரித்த நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைத்தான் செய்தார்கள். ஆகஸ்ட் நடுவில் 'ஓபோன்' என்ற முன்னோர் வழிபாட்டுக் காலத்தில் பல நிறுவனங்கள் எப்படியும் விடுமுறை விடும். அதை ஒட்டியே தேதி கேட்டதால், தொழில் துறைக்கும் பெரிய நஷ்டமில்லை.

முதலில் பேசப்பட்ட தேதி ஆகஸ்ட் 12. ஆனால், 1985-ல் அதே தேதியில்தான் ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி 520 பேர் இறந்தார்கள். அந்த நாளில் மலையைக் கொண்டாடுவது சரியாக இருக்குமா என்ற கேள்வி எழுந்தது. அடம்பிடிக்காமல் ஒரு நாள் முன்னதாக, ஆகஸ்ட் 11-க்கு மாற்றினார்கள். 2014-ல் சட்டம் நிறைவேறி, 2016-ல் விடுமுறை அமலானது.

நம்ம வாழ்க்கையில்: 'அண்ணனை மட்டும் வெளியூர்ல படிக்க அனுப்புனீங்களே' என்பது முன்னுதாரணம். அதையே சண்டையாகச் சொல்லாமல், 'அண்ணனுக்குச் செஞ்ச அதே ஏற்பாட்டை எனக்கும் பண்ணலாமேப்பா' என்று சொல்லிப் பாருங்க. வீட்டில் யாராவது ஏற்கெனவே அடிபட்ட விஷயம் இருந்தால், அதைச் சுற்றிப் போங்க. அதை மிதித்துக்கொண்டு போகாதீங்க.

6. நியூசிலாந்து: 'மாத்தாரிக்கி'
எப்போது: ஜூன் அல்லது ஜூலையில் ஒரு வெள்ளி
பாடம்: ஹோம்வொர்க்கை நீங்களே முடிச்சுட்டுப் போங்க

மாவோரி பழங்குடி மக்களின் புத்தாண்டு 'மாத்தாரிக்கி'. குளிர்காலத்தில், விடியலுக்கு முன் கிழக்கு வானில் ஒரு நட்சத்திரக் கூட்டம் மறுபடி தெரியத் தொடங்கும் நாள்களில் இது வரும். அது வேறெதுவும் இல்லை, நாம் 'கார்த்திகை' என்று சொல்லும் அதே நட்சத்திரக் கூட்டம்தான்!

பிரச்னை, இது சந்திர நாள்காட்டிப்படி வருவது. வருஷா வருஷம் தேதி மாறும். 'அப்போ கடைகளும் பள்ளிகளும் எப்படித் திட்டமிடும்?' என்ற கேள்விக்கு, மாவோரி வானியல் அறிஞர் ரங்கி மாத்தாமுவா தலைமையிலான குழு பதிலைத் தயாரித்தே கொடுத்துவிட்டது. 2022 முதல் 2052 வரைக்குமான தேதிகள், எல்லாமே வெள்ளிக்கிழமைகளாக! தொழில்களுக்குக் கூடுதல் செலவு என்ற எதிர்ப்பைத் தாண்டி, 2022 ஜூன் 24-ம் தேதி முதல் விடுமுறை கொண்டாடப்பட்டது.

நம்ம வாழ்க்கையில்: ஃப்ரெண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கோவா ட்ரிப் ஏன் எப்பவும் கேன்சல் ஆகுது? 'போலாமா' என்று கேட்பதால்தான். தேதி, ரயில், தலைக்கு எவ்வளவு என்று மூன்றையும் போட்டுக் கேட்டுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

நம்ம மெரினாவில் எழுந்த குரல்

இந்த வரிசையில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். 1923 மே 1-ம் தேதி, இந்தியாவிலேயே முதல் முறையாக மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார் சிங்காரவேலர். மே தினத்தை அரசு விடுமுறையாக அறிவிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் அங்கே எழுப்பப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சி அதைக் கண்டுகொள்ளவில்லை. 1946-ல் சிங்காரவேலர் மறைந்தார்.

இன்று தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான 1958-ம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டத்தில் ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மே 1-ம் இருக்கிறது. கேட்டவருக்குக் கிடைக்காமல், அடுத்த தலைமுறைக்குக் கிடைத்த லீவு இது. எல்லாக் கோரிக்கையும் நம் அவசரத்துக்கு நடக்காது என்பதையும் சேர்த்தே தெரிஞ்சுக்கணும்.

அதிகாரம் இருந்தும் சறுக்கியவர்கள்

சம்மதிக்க வைக்காமல் சாதிக்க முடியுமா? முடியும். ஆனா, அதுக்கு விலை உண்டு.

1939-ல் அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதல் நாள்கள் கிடைக்கட்டும் என்று தேங்க்ஸ்கிவிங்கை ஒரு வாரம் முன்னால் தள்ளினார். அறிவித்ததோ ஆகஸ்ட் மாதம். காலண்டர்கள் அச்சாகியிருந்தன, கால்பந்துப் போட்டிகளுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. நாடு கிட்டத்தட்டப் பாதிப் பாதியாகப் பிரிந்தது. சில மாகாணங்கள் புதுத் தேதியில், சில பழைய தேதியில்! 'ஃபிராங்க்ஸ்கிவிங்' என்று கேலிப் பெயரும் வந்தது. கடைசியில் 1941-ல் 'நான்காவது வியாழன்' என்று சட்டம் போட்டு முடித்தார்கள். ஒற்றுமைக்காக உருவான திருநாளே இரண்டாக உடைந்தது, யாரையும் கேட்காமல் மாற்றியதால்.

டென்மார்க்கில் 1686 முதல் இருந்த 'பெரும் பிரார்த்தனை நாள்' விடுமுறையை, ராணுவச் செலவுக்கு நிதி வேண்டும் என்று 2023-ல் அரசு ரத்து செய்தது. தலைநகரில் பல்லாயிரம் பேர் திரண்டு எதிர்த்தார்கள். ஆனாலும் 95-க்கு 68 என்ற கணக்கில் சட்டம் நிறைவேறி, 2024 முதல் அந்த விடுமுறை இல்லை. ஓட்டில் ஜெயித்தார்கள். தெருவில் நின்றவர்களின் மனசு மாறியதா என்றால், இல்லை.

வீட்டில் கத்தி, சாப்பிடாமல் இருந்து, மிரட்டிக் காரியம் சாதிப்பதும் இந்த வகைதான். காரியம் நடக்கலாம். அடுத்த முறை நீங்கள் நியாயமாகக் கேட்கும்போதும் யாரும் காது கொடுக்க மாட்டாங்க.

இப்போ உங்க டர்ன்!

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கலாம். உங்களுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கு. 'பொம்பளப் புள்ள தனியா எப்படி?' என்று வீட்டில் மறுக்கிறார்கள். பத்து நாளில் கம்பெனிக்குப் பதில் சொல்லணும். இந்த வேலை கைவிட்டுப் போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. மேலே பார்த்ததையெல்லாம் இங்கே எப்படிப் பயன்படுத்துவது?

* பயத்தைக் கேளுங்க: 'எதுப்பா உங்களுக்குப் பயமா இருக்கு?' என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் முழுசாகக் கேளுங்க. பாதுகாப்பா, ஊர் பேச்சா, கல்யாணம் தள்ளிப்போகும் என்ற கவலையா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.
* தயாராகப் போங்க: ஹாஸ்டல் முகவரி, வாடகை, ஆபீஸுக்கு எவ்வளவு தூரம், கையில் வரும் சம்பளம். எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும்.
* முன்னுதாரணம் காட்டுங்க: அதே ஊரில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பெண்ணையோ, தோழியின் அக்காவையோ அம்மாவோடு போனில் பேச வையுங்க.
* 'எப்படி'யில் இறங்கி வாங்க: வேலைக்குப் போவதில் மாற்றம் இல்லை. ஆனா, 'முதல் வாரம் அம்மா கூட வந்து தங்கட்டும், மாசம் ஒருமுறை ஊருக்கு வர்றேன்' என்று சொல்லலாம்.
* நேரம் பாருங்க: அப்பா வேலை முடிந்து களைத்து வரும்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை காபி நேரம் நல்ல நேரம்.
* ஒரு 'முடியாது'க்கு ஓயாதீங்க: இன்னிக்கு மறுத்தால், 'சரிப்பா, ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லுங்க, புதன்கிழமை மறுபடி பேசலாம்' என்று தேதி குறித்துவிட்டு எழுந்திருங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதில் எந்த இடத்திலும் பொய் வரக் கூடாது. பொய்க் கணக்கு, பாதி உண்மை, குற்ற உணர்ச்சியைத் தூண்டுவது எல்லாம் சம்மதம் வாங்குவது ஆகாது, ஏமாற்றுவது. உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட்: நீங்க சொன்ன அத்தனையும் நாளைக்கே அவங்களுக்கு முழுசாகத் தெரியவந்தாலும், 'சரி, போயிட்டு வா' என்றே சொல்வாங்களா? 'ஆமா' என்றால் தைரியமாகப் பேசுங்க.

அடுத்த முறை காலண்டரில் சிவப்புத் தேதியைப் பார்க்கும்போது, அதை யார் கேட்டு வாங்கினாங்கனு ஒரு நிமிஷம் தேடிப் பாருங்க. அப்புறம், நீங்க ரொம்ப நாளா கேட்காமலே வெச்சிருக்கிற அந்த ஒரு விஷயத்தை ஒரு தாளில் எழுதுங்க. அதுக்குக் கீழே, யாரிடம் கேட்கணுமோ அவருக்கு இதில் என்ன கவலை இருக்கும் என்பதையும் எழுதுங்க. அந்த ரெண்டாவது வரியை எழுதி முடிச்சிட்டீங்கன்னா, எப்படிப் பேச ஆரம்பிக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்!